நடக்காத பதினாறாவது அமர்வு

பதினோரு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். நான் பத்தே காலுக்கே தலைவாரிப் பொட்டு வைத்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், பரீட்சைக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிற மக்குப் பிள்ளை மாதிரி. இன்றைக்கு இருபதாவது அமர்வு, இந்த வருஷத்தின் கடைசி அமர்வு. வழக்கமாக நானும் நான் வழிகாட்டுகிற மாணவி நாகஜோதியும் மட்டும்தான் பேசுவோம். இன்று ரெஜினாவும் வருகிறாள். ரெஜினா சென்னையில் டிரஸ்ட் ஆபீசில் ஒருங்கிணைப்பாளர், என்னைப் போல நாற்பது வழிகாட்டிகளையும் அவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த நாற்பது கல்லூரிப் பிள்ளைகளையும் கட்டி மேய்க்கிறவள். நேற்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் பார்த்து அவளிடமிருந்து செய்தி வந்தது, 'மேடம், நாளைக்கு மூணு பேரும் சேர்ந்து பேசலாமா? ஒரு விஷயம் கேக்கணும்.' ஒரு விஷயம். என்ன விஷயம் என்று இன்னும் நாலு எழுத்து எழுதினால் குறைந்தா போய்விடுவாள்? 'கண்டிப்பா ரெஜினா' என்று பதில் போட்டு, போதாததற்கு ஒரு சிரிக்கிற மூஞ்சியையும் போட்டேன். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். எட்டு வாரமாகத் தெரியும். இந்த எட்டு வாரத்தில் சென்னை நம்பர் எது வந்தாலும் ரெஜினா என்றே நினைத்து எடுத்திருக்கிறேன், அதில் பாதி கடன் வேண்டுமா என்று கேட்கிற பிள்ளைகள். அவர்களிடம் நான் அத்தனை மரியாதையாகப் பேசியதற்குக் காரணம் அவர்களுக்குத் தெரியாது.

இவர் வண்டி சர்வீசுக்கு விடப் போகிறேன் என்று ஹெல்மெட்டோடு நிற்கிறார். "ஏன் சுகந்தி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" ஒன்றுமில்லை, வெயில். "வெயிலு வெளியில அடிக்குது, உனக்கென்ன?" போய்ட்டு வாங்க என்று கதவைச் சாத்தினேன். இவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சொல்வார் என்றும் தெரியும். 'சும்மா செய்யற வேலை, இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சுக்கற?' அந்தச் 'சும்மா'வைத்தான் நானும் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒட்டவில்லை. சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் ஒரு நாள் டபாய்த்தால் தூக்கம் வருகிறது, சும்மா செய்கிற வேலையில் டபாய்த்தால் வரவில்லையே, அது ஏன்? இருபத்தோரு வருஷமாக நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகன விபத்துக் கிளெய்ம் பிரிவில் இருக்கிறேன். என் வேலையே அடுத்தவன் சொல்கிற கதையில் பொய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. மாடு குறுக்கே வந்தது என்று எழுதாத ஆளே கிடையாது, அத்தனை மாடு கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே இல்லை. நிஜமாகவே விழுந்து எழுந்தவன் முன்னுக்குப் பின் முரணாகத்தான் பேசுவான், என்ன கிழமை என்றே மறந்திருப்பான், ஆனால் ரோட்டோரம் தண்ணி கொடுத்த ஆளின் சட்டைக் கலர் ஞாபகம் இருக்கும். பொய் சொல்கிறவன் வரிசையாக, சுத்தமாக, கமா கூடப் பிசகாமல் சொல்வான். இதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் கிளாஸ் எடுக்கிறேன். அப்பேர்ப்பட்டவள் டிரஸ்ட் ஃபார்மில் எழுதிய பொய் எவ்வளவு சுத்தமாக இருந்தது! 'அமர்வு பதினாறு. நடந்தது. அறுபது நிமிடம். பேசிய பொருள்: நேர மேலாண்மை. மாணவியின் நிலை: பச்சை.' நேர மேலாண்மையாம். வேறு எந்தத் தலைப்பும் கிடைக்கவில்லை எனக்கு.

எதற்கு இதில் சேர்ந்தேன்? பையன் புனேவுக்கு வேலைக்குப் போனதும் வீடு வெறிச்சென்றிருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன், அது முக்கால் உண்மை. மீதிக் கால் என்னவென்றால், மூன்று மணி நேரம் பயிற்சி முடிந்து டிரஸ்ட் அனுப்பிய சான்றிதழை ஸ்டேட்டஸில் வைத்தபோது வந்து குவிந்த கைதட்டல்களும் இதயங்களும். 'உங்களுக்குப் பெரிய மனசு அண்ணி' என்று நாத்தனார் போட்டிருந்தாள், இருபத்தைந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. பெரிய மனசு. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அப்புறம் அந்தப் பெண் வந்தாள். கமுதிக்குப் பக்கத்தில் ஒரு ஊர், அரசுக் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருஷம், அப்பா அம்மா கரிமூட்டம் போடுகிறவர்கள். கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, நாள் கணக்கில் புகைய விட்டுக் கரியாக்கி மூட்டை பிடிக்கிற வேலை. இதையும் அவளாகச் சொல்லவில்லை, ரெஜினா அனுப்பிய குறிப்பில் இருந்தது. சிக்னலுக்காகப் பக்கத்து வீட்டுப் பூசாத மாடியில் வந்து உட்காருவாள், அவள் தலைக்குப் பின்னால் செங்கல்லும் வெளியே துருத்தின கம்பியும் தெரியும். முதல் நாள் 'மேம்' என்றாள். மேம் வேண்டாம், அக்கா என்று சொல்லு என்றேன், வழிகாட்டிக்கும் மாணவிக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது என்பது டிரஸ்ட்டின் விதி. 'சரிக்கா' என்றாள். அன்றிலிருந்து பத்து மாதமாக எல்லாவற்றுக்கும் 'சரிக்கா'. உன் இலக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு என்று, பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். 'சரிக்கா.' பின்னால் இருந்த அந்தச் செங்கல் சுவரில் எந்தத் தாள் ஒட்டும் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது. எப்படி இருக்கிறாய்? 'நல்லாருக்கேன்க்கா.' படிப்பெல்லாம்? 'போகுதுக்கா.' வீட்டில்? 'நல்லாருக்காங்கக்கா.' அப்புறம் மௌனம். அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்தும், இந்தப் பக்கம் எங்கள் அபார்ட்மெண்ட் மோட்டார் ஓடும், நாங்கள் இருவரும் அறுபது நிமிஷத்தை உருட்டிக்கொண்டு போவோம். லாரிக்காரன், பஸ் முதலாளி, வக்கீல், எத்தனை பேர் வாயைப் பிடுங்கியிருக்கிறேன், இந்தச் சின்னப் பெண்ணிடம் முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிடலாம், எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. நான் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து வருகிறேன், நீ வாயைத் திறந்தால் என்ன?

பத்து முப்பத்தைந்து. குக்கர் வைத்தேனா? வைக்கவில்லை. இவர் வந்து சோறு எங்கே என்பார். இருக்கட்டும். முதலில் அந்த நாளை ஒழுங்காக யோசித்துவிட வேண்டும், அவர்கள் கேட்டால் சொல்வதற்கு. மூன்று அமர்வு தவறினால் அந்த இணையையே கலைத்துவிடுவார்கள், இதுதான் விதி. கலைத்தால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, அந்த ஸ்டேட்டஸ் சனியன் போனால் போகட்டும். ஆனால் டிரஸ்ட் கொடுத்த லேப்டாப்பை அந்தப் பெண் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த வருஷத் திட்டத்தில் அவள் பெயர் இருக்காது. ஏழாவது அமர்வுக்கு நான் போகவில்லை, நூற்று இரண்டு ஜுரம், அதை ஒளிக்காமல் எழுதினேன். பதினோராவதுக்குத் திருப்பூரில் ஒரு வரவேற்பு, அதையும் எழுதினேன், 'குடும்ப நிகழ்ச்சி'. பதினாறாவதுக்கு? இதோ, அந்த சோபா. அதில்தான் படுத்திருந்தேன். ஜுரம் இல்லை, கல்யாணம் இல்லை, கரண்ட் போகவில்லை. குளித்துத் தலைக்கு ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே, போனை மார்மேல் வைத்துக்கொண்டு, வாட்ஸப்பில் வந்த, யாரோ சமைக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குப் போன் அதிர்ந்தது. 'நாகஜோதி உங்களுக்காகக் காத்திருக்கிறார்.' போகலாம் என்றுதான் நினைத்தேன். இன்னும் இரண்டு நிமிஷம். அந்த வீடியோவில் வெங்காயம் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. பதினொன்று பத்துக்கு மறுபடி அதிர்ந்தது, அவள் காத்திருக்கிறாள். இனிமேல் போனால் ஏன் தாமதம் என்று காரணம் சொல்ல வேண்டும். அந்த 'நல்லாருக்கேன்க்கா'வை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். கை என்ன செய்தது என்று இப்போதும் தெரிகிறது, ஏதோ பூச்சியைப் பார்த்து டம்ளரைக் கவிழ்க்கிற மாதிரி கவிழ்த்தது. அப்புறம் தூங்கிக்கூடப் போனேன். சாயங்காலம் எழுந்து ஃபார்மைத் திறந்தால் தவறிய அமர்வு இரண்டு என்று சிவப்பில் நிற்கிறது. மூன்றென்று ஆக்கினால் அந்தப் பிள்ளையின் லேப்டாப் போய்விடுமே! பாவம், அவளுக்காகத்தான், என்று சொல்லிக்கொண்டே பச்சையைத் தொட்டேன். அவளுக்காக. எவ்வளவு நாக்கு நீளம் இந்த மனசுக்கு.

ஆனால் இங்கேதான் எனக்கு முடிச்சு விழுகிறது, எட்டு வாரமாக இந்த முடிச்சில்தான் சுற்றுகிறேன். ஒவ்வொரு அமர்வுக்கும் அவளும் ஒரு ஃபார்ம் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு. ஒன்று நடந்தது, ஒன்று நடக்கவில்லை என்று வந்தால் ரெஜினா இரண்டு நாளில் கூப்பிடுவாள், முன்பு ஒரு தடவை நான் தேதியைத் தப்பாகப் போட்டதற்கே கூப்பிட்டாள். பதினாறுக்கு யாரும் கூப்பிடவில்லை. அப்படியானால் அவள் என்ன எழுதினாள்? எழுதாமலே விட்டாளா? எழுதி, அதை ரெஜினா வருஷக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறாளா? பதினேழாவது அமர்வில் நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, 'போன தடவை கொஞ்சம் வேலையாப் போச்சு நாகஜோதி' என்றேன். 'பரவாயில்லக்கா' என்றாள். மன்னிப்பென்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை எனக்கு, வேலையாப் போச்சு. அப்புறம் அவளாக, ஆம், அவளாக, அத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கேட்காமலே ஒன்றைச் சொன்னாள்: 'நடுவுல கொஞ்ச நாளு காலேஜுக்குப் போகலக்கா. இப்பப் போறேன்.' ஏன் போகவில்லை என்று எந்த மடையனும் கேட்டிருப்பான். நான், 'அட, இப்பப் போறியே, அது போதும்' என்றேன். ஏனென்றால் கேட்டால் அது எந்தத் தேதியில் என்று வரும், தேதி வந்தால் அந்த சனிக்கிழமை வரும். கதவு திறந்தது, நானே சாத்தினேன். மாட்டைப் பார்க்காமல் இடித்தவள் இல்லை நான், பார்த்து ஒதுங்கி ஓட்டிக்கொண்டு போனவள்.

பத்து ஐம்பது. சொல்லிவிட்டால் என்ன? ரெஜினா கேட்பதற்கு முன் நானே, 'ரெஜினா, பதினாறாவது அமர்வு நடக்கவில்லை, நான் பொய் எழுதினேன்.' சொன்னதும் எவ்வளவு லேசாக இருக்கும்! நினைத்தாலே தோள் இறங்குகிறது. சரி, அப்புறம்? தவறியது மூன்று, இணை கலைந்தது, ரெஜினா நல்லவள், 'மேடம், உங்க நேர்மையை மதிக்கிறேன்' என்பாள், விதியை மீற அவளால் முடியாது. அந்தப் பெண் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் இங்கே லேசான தோளோடு ரசம் வைப்பேன். என் அழுக்கைக் கழுவ அவள் வீட்டுத் தண்ணியா? சரி, சொல்லாமல் இருந்தால்? அவள் ஃபார்மில் உண்மையை எழுதியிருந்தால் ரெஜினா என் முகத்துக்கு நேரே கேட்பாள், அந்தப் பெண்ணுக்கு எதிரில். அப்போது நான் என்ன, அந்தப் பிள்ளை மறந்துபோய் எழுதிவிட்டது என்பேனா? சொல்வேன். எனக்கு என்னைத் தெரியும், நெருக்கினால் சொல்வேன். அதுதான் பயம். மாட்டிக்கொள்வது கூட இல்லை, மாட்டிக்கொள்கிற அந்த ஒரு நொடியில் இந்த வாய் யார்மேல் பழியைப் போடும் என்பதுதான். இதெல்லாம் முடிந்ததும் அடுத்த வருஷத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும். ஆபீசில் வேலை அதிகம் என்று இரண்டு வரி ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறேன். பத்து ஐம்பத்தெட்டு. தண்ணி குடித்தேன். லிங்கைத் தொட்டேன்.

முதலில் ரெஜினா வந்தாள், பின்னால் மின்விசிறியும் கோப்பு அலமாரியும். "வணக்கம் மேடம், எப்படி இருக்கீங்க?" நல்லாருக்கேன். அடச்சே, நானும் அதைத்தான் சொல்கிறேன். பிறகு நாகஜோதி வந்தாள், அதே செங்கல், அதே கம்பி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, நல்ல சுடிதார் போட்டு, எனக்கு வணக்கம் சொன்னாள். என் கண்ணைப் பார்த்தாளா என்று தெரியவில்லை, இந்த வீடியோவில் யார் யாருடைய கண்ணைப் பார்க்கிறார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம். ரெஜினா கொஞ்ச நேரம் வானிலை, தேர்வுத் தேதி என்று பேசினாள். அப்புறம், "மேடம், நேரா விஷயத்துக்கு வர்றேன். பதினாறாவது அமர்வைப் பத்தித்தான் கேக்கணும்" என்றாள். மேசைக்குக் கீழே முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க 'நேர மேலாண்மை'ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க. நாகஜோதி எழுதினது வேற மாதிரி இருக்குது. ரெண்டும் ஒத்துப்போகலையேன்னு பார்த்தேன்." வந்துவிட்டது. வாய் திறந்தது, 'அது வந்து ரெஜினா' என்று ஆரம்பிக்கப் போனது, அதற்குப் பின்னால் என்ன வருமென்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அதற்குள் அந்தப் பெண் பேசினாள். "மொதல்ல அதுதான் மேம் பேசுனோம். பெறகுதான் நான் என் விசயத்தச் சொன்னேன்." நிதானமாகச் சொன்னாள், கமா பிசகவில்லை. ரெஜினா சிரித்தாள். "அதான் பார்த்தேன். மேடம், வருஷம் பூரா எல்லா ஃபார்முக்கும் 'நல்லா இருந்தது'ன்னு ரெண்டு வார்த்தை எழுதற பிள்ளை, அந்த ஒண்ணுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கா. அடுத்த வருஷம் வர்ற வழிகாட்டிகளுக்குப் படிச்சுக் காட்டலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி அவ வாயாலயே கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன். நாகஜோதி, சொல்லும்மா."

நாகஜோதி சொன்னாள், பத்து மாதத்தில் நான் அவளிடம் கேட்ட மொத்த வார்த்தைகளைவிட அதிகமாக. "எனக்கு கிளாஸ்ல செமினார் இருந்துச்சு மேம். இங்கிலீசுல சொல்லணும். மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். ரெண்டாவது வரியில நின்னுபோச்சு. நின்னா நின்னுக்கிட்டே இருக்கேன். பசங்க சிரிச்சுட்டாங்க. சார், 'தமிழ்ல படிச்சுட்டு வந்து ஏன் எங்க உயிர வாங்குறீங்க, ஒக்காரு'ன்னுட்டாரு. மறுநாளு காலேஜுக்குப் போகல. வீட்டுல சொல்லல. காலையில சோத்துப் போசியத் தூக்கிட்டுக் கெளம்பி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துட்டு, மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். ஒம்பது நாளு. வருகைப் பதிவு கொறஞ்சா பரீச்சை எழுத விடமாட்டாங்க, அது தெரியும், தெரிஞ்சுந்தான் ஒக்காந்திருந்தேன். நின்னுக்கிருவோம், கரி அள்ளப் போவோம்னு முடிவே பண்ணிட்டேன். அந்த சனிக்கெழம அக்காட்ட சொல்லணும்னு வந்தேன்." நான் திரையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கட்டத்துக்குள் ஒரு பொம்பளை நல்ல பொட்டு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா அன்னிக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுனாங்க மேம். கண்ணுல தண்ணி வந்துச்சு, வெங்காயத்துக்குத்தான்னு சொன்னாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, 'சரி கண்ணு, நின்னுபோனது உன் தப்பில்ல. ஆனா ஒக்காந்தே, அது உன் தப்பு. திங்கக்கெழம போ. போயி அந்த சார்ட்ட, மறுக்கா ஒருதரம் குடுங்க சார்னு கேளு. அவரு இல்லைன்னாலும் கேட்டது கேட்டதுதான்'னாங்க. 'பஸ் ஸ்டாண்டுல ஒம்பது நாளு ஒத்தையில ஒக்காரத் தைரியம் இருந்துச்சுல்ல, கிளாஸ்ல ஒக்கார அதுல பாதி போதும்'னாங்க. திங்கக்கெழம போனேன் மேம்."

வெங்காயம். கண்ணு. நான் அவளிடம் பேசும்போது ஒரு கத்தரிக்காய் கூட நறுக்கினதில்லை, நேராக உட்கார்ந்து காமிராவைப் பார்த்து, பயிற்சியில் சொன்னபடி தலையாட்டுவேன். கண்ணு என்று நான் கீரைக்காரம்மாவைக் கூப்பிடுவேன், லிஃப்டில் ஏறுகிற எல்லாக் குழந்தையையும் கூப்பிடுவேன், ஆபீசில் பெருக்குகிற பெண்ணைக் கூப்பிடுவேன். அவளை நாகஜோதி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், முழுப் பெயர், ரெஜினாவின் குறிப்பில் இருந்தபடி. எப்போதோ ஒரு நாள் பேச்சுக்கு நடுவில் காலிங்பெல் அடித்து, வாசலில் யாரையோ 'என்ன கண்ணு' என்று நான் கேட்டது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அதை எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு அக்காவை அவளே உட்கார்ந்து செய்திருக்கிறாள், கையில் வெங்காயம் கொடுத்து, கண்ணில் தண்ணீர் வைத்து. இருபத்தோரு வருஷத்து அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் கதையை என் மேசைக்கு அனுப்பியிருந்தால் நான் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். ரெஜினா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதை எப்படி மேடம் அந்த நேரத்துல டக்குன்னு சொன்னீங்க?" எனக்குள் எல்லாம் எழுந்து நின்றது. இல்லை, நான் சொல்லவில்லை, நான் அங்கே இல்லவே இல்லை. அதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் ஒரு பக்கமும் பொய்யாகிவிடும், லேப்டாப் போகும், அடுத்த வருஷம் போகும், ஒன்பது நாளை விழுங்கிக்கொண்டு அவள் நடந்து போன அந்தத் திங்கட்கிழமையைக் கூட யாரும் நம்பமாட்டார்கள். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அவள் அசையாமல் இருந்தாள். மூச்சைப் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. "தோணுச்சு, சொன்னேன்" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ரெஜினா நன்றி சொன்னாள், அடுத்த வருஷத் திட்டத்தில் நாகஜோதியின் பெயரைச் சேர்த்தாயிற்று என்றாள், வாழ்த்துச் சொன்னாள், அடுத்த இணை காத்திருக்கிறது என்று விலகினாள். இரண்டு கட்டம் மிஞ்சியது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆடு கத்தவில்லை. பிறகு நான், "நாகஜோதி, அதெல்லாம் உனக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாருஞ் சொல்லலக்கா."

"பின்னே?"

"லிங்க் தொறந்துதான கெடந்துச்சு. அதுவா கட்டாகுற வரைக்கும் ஒக்காந்திருந்தேன். நீங்க வந்தா என்ன சொல்லுவீங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். அதத்தான் எழுதுனேன்." அப்புறம், "வரலன்னு எழுதுனா மூணு ஆயிரும்லக்கா. லேப்டாப்ப வாங்கிருவாங்க" என்றாள்.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. "அன்னிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல. வீட்டுலதான் இருந்தேன். போனு கையிலதான் இருந்துச்சு. நீ காத்துட்டிருக்கேன்னு வந்துச்சு, நான் கவுத்து வெச்சுட்டேன்." சொல்லி முடித்தபோது லேசாக இல்லை, ஒன்றும் இறங்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன் கண்ணு."

அந்த வார்த்தை வந்த பிறகுதான் அது எவ்வளவு தாமதமாக வந்தது என்று எனக்கே கேட்டது. அவள் குனிந்து துப்பட்டா நுனியைத் திருகினாள்.

"தெரியும்க்கா. வாட்ஸப்புல ஆன்லைன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு."

என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. மேசையில் காலையில் சிந்திய காபி காய்ந்திருந்தது, அதைப் பார்த்தேன். அடுத்த வருஷம் இப்படி நடக்காது, ஒரு நாள் கூடத் தவறாது, உன் செமினாருக்கு நான் கேட்டு நீ சொல்லு, தினமும் வேண்டுமானாலும் பேசலாம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. வேலை அதிகம் என்று எழுதி வைத்திருந்த இரண்டு வரியை அழித்துவிடலாம், இப்போதே அழித்துவிடலாம். "அடுத்த வருஷம்" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா," என்றாள் அவள். பத்து மாதத்தில் என் பேச்சுக்குக் குறுக்கே அவள் வந்தது இதுதான் முதல் தடவை. "அடுத்த வருசத்துக்கு வேற அக்கா கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். போன வாரமே குடுத்தாச்சு. உங்களப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதலக்கா. வெசனப்படாதீங்க. நேரம் ஒத்துவரலன்னு மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

"சரி" என்றேன். "சரி."

"அந்த அக்காட்டயும் உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவேன்" என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், வாரேன் என்று திரும்பிக் குரல் கொடுத்தாள். எப்போதும் நான் வைக்கிற வரைக்கும் காத்திருப்பவள், இன்று எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவளே முதலில் வைத்தாள்.